காற்றுக்குக் குறுக்கே ஒரு களம்

பட்டாளத்தை விட்டு வந்து ஓசூரில் பம்புசெட்டுப் பட்டறை போட்ட கதையோடு போன வாரம் நின்றோம். இந்த வாரம் பட்டறையைப் பூட்டிவிட்டு என் ஊரான பேரிகைக்குப் போகலாம். அங்கே ஒரு வெள்ளைக்காரன் கையில் பூட்ஸோடு நிற்கிறான்.

அவன் நின்றது ராகிக் களத்தின் ஓரம். பொழுது அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. சாணி மெழுகிய தரை பனியில் கறுத்துக் கிடந்தது. குனிந்து நாடாவை அவிழ்த்தான். காலுறையையும் உருவினான். பாதம் இரண்டும் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளுத்திருந்தன. களத்தைப் போட்ட முனியம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. வெறுங்காலோடு களத்தில் இறங்கி நடந்து, அதன் ஒரு முனையில் நின்ற விமானத்தில் ஏறி உட்கார்ந்தான்.

ஆமாம், விமானம்தான். ராகிக் களத்தில்தான். இதை நம்பாதவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களுக்காகவே விவரமாகச் சொல்கிறேன்.

ஏரோப்ளேன் மாதப்பன்

யுத்தத்தின்போது நான் விமானப் படையில் பிட்டராக இருந்தேன். பர்மா எல்லையில், சேறும் அட்டையும் நிறைந்த காட்டு மைதானங்களில், இன்ஜினைக் கழற்றி மாட்டுவது என் வேலை. ஊருக்குத் திரும்பி அதைச் சொன்னபோது, ஒருவராவது வாயைப் பிளப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பிளந்தார்கள், சிரிப்பதற்கு.

"பர்மால பாத்திரம் தேச்சிட்டு வந்து, ஏரோப்ளேன் ரிப்பேர்னு கத உடறான்" என்றார்கள். அன்றிலிருந்து என் பெயர் ஏரோப்ளேன் மாதப்பன். கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அதைப் போடவில்லை.

அந்தக் கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திம்மராயப்பா சொன்னதுதான் தாங்கவில்லை. பேரிகைப் பக்கத்தில் அவர் பெரிய விவசாயி, ஊருக்கு அவர் கவுடர். யுத்த காலத்தில் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போய், இடுப்பு வலியோடு திரும்பியவர். "நாங்க உள்ள கஞ்சி குடிச்சோம், நீ வெள்ளக்காரங்கிட்டச் சம்பளம் வாங்கின" என்று ஒரு நாள் சந்தையில் நாலு பேர் நடுவே சொல்லிவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லையே.

அதற்குப் பிறகு அவர் எதிரே வந்தால் நான் அடுத்த தெருவில் போவேன். இப்படியே சில வருஷம் ஓடியது.

வயலில் விழுந்த பறவை

கார்த்திகை கடைசி. ராகி அறுத்துப் போர் போட்டாகிவிட்டது. பட்டறையில் நான் ஒரு ஆயில் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பேரிகை ஆள் ஒருவன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தான்.

"மாதப்பண்ணா, உன் ஏரோப்ளேன் வந்துட்ச்சு. கவுடரு வயல்ல குந்திக்கினு கீது. வந்து எழுப்பி உடு."

கேலி என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் தொற்றிக்கொண்டேன்.

திம்மராயப்பாவின் அறுத்த வயலில், இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம் ஒன்று சாதுவாக நின்றது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளுக்கு மேலே பறந்து மருந்து தெளிக்க, பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். தோப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இன்ஜின் நின்றுவிட்டது. வரப்புகளுக்கு நடுவே, ஒரு கீறல் இல்லாமல் இறக்கியிருந்தான் அந்த விமானி. அப்படி இறக்குகிறவனைப் பர்மாவில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை.

முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் யானிஸ். இங்கிலீஷை மென்று மென்று பேசினான். நான் இன்ஜின் மூடியைத் திறந்து பெட்ரோல் குழாயைத் தொட்டதும், நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தான்.

"எந்தப் படை?" என்றான்.

சொன்னேன். "நான் மற்றப் பக்கம்" என்றான். "ஜெர்மன் விமானப் படை. ஆனால் நான் ஜெர்மன் இல்லை. லாட்வியா."

அந்தப் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

குழாயில் தூசி அடைத்து, ஓர் இடத்தில் விரிசலும் விட்டிருந்தது. ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். இன்ஜின் சரியாகிவிட்டது. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. விமானம் இறங்கிய வயல் சின்னது, இளகிய மண், சுற்றிலும் வரப்பு. இறங்கலாம், ஏற முடியாது. லாரி கொண்டுவந்து இறக்கைகளைப் பிரித்துத்தான் எடுத்துப்போக வேண்டும்.

யானிஸ் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். முன்பே ஒரு முறை வேறு ஊரில் விமானத்துக்குச் சேதமாகி, கம்பெனி அவனை எச்சரித்திருந்ததாம். இன்னொரு முறை லாரியில் ஏறினால் அவன் வேலை போய்விடும். வேலை போனால் இந்தியாவில் இருக்க அனுமதியும் போய்விடும்.

"உன் நாட்டுக்குப் போய்விடேன்" என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி.

"அதை ரஷ்யாக்காரன் எடுத்துக்கொண்டான். நான் அங்கே கால் வைத்தால் சைபீரியாதான்."

"இது நீளமாக வேண்டும்"

பக்கத்தில் திம்மராயப்பாவின் ராகிக் களம் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் களம் போடுவது ஒரு தனி வேலை. மண்ணைக் கொத்தி, கட்டி உடைத்து, தண்ணீர் தெளித்து, கல் உருளையை மாடு பூட்டி உருட்டி உருட்டி இறுக்கி, மேலே சாணி கரைத்து மெழுக வேண்டும். சரியாகப் போட்ட களத்தில் ஒரு ராகி விழுந்தாலும் மண்ணில் புதையாது, அப்படியே பொறுக்கி எடுக்கலாம்.

யானிஸ் எழுந்து போய் அதை உள்ளங்கையால் தடவினான். குதிகாலால் ஓங்கி மிதித்தான். தடம் விழவில்லை.

"எங்கள் வீட்டிலும் இப்படி உண்டு. வேறு தானியம்" என்றான். பிறகு இரண்டு கையையும் அகல விரித்தான். "இதுதான். ஆனால் இது நீளமாக வேண்டும். மிக நீளமாக."

அவன் கேட்டது ஊர் முழுவதின் கல் உருளைகளையும், மாடுகளையும், ஆட்களையும், களத்து வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில். கேட்க வேண்டியது திம்மராயப்பாவிடம். கேட்க வேண்டியவன் நான்.

அவர் புளியமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெர்மன் படையா? அப்ப இவன் ஹிட்லர் ஆளா?" என்றார். "வெள்ளக்காரன் ஆளும் ஹிட்லர் ஆளும் சேந்து வந்து எங்கிட்டக் களம் கேக்கறீங்களா? நல்லா கீதுப்பா."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் என்ன கேட்கிறார் என்று யானிஸ் என்னைக் கேட்டான். மழுப்பாமல் மொழிபெயர்த்தேன்.

"ஆமாம் என்று சொல்" என்றான். "ஹிட்லர் கொடுத்த விமானத்தில்தான் ஏறினேன். முதலில் ரஷ்யாக்காரன் வந்து என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனான். அவனை விரட்டிக்கொண்டு ஜெர்மன்காரன் வந்தான். வந்தவன் எங்கள் ஊர் யூதர்களைக் குழி வெட்டிச் சுட்டான், எங்கள் ஆட்களே சிலர் கூட நின்றார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினேன். என் ஊரைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். காப்பாற்றவில்லை. அதையும் சொல்."

சொன்னேன்.

"இவன் ஊரு இப்ப எங்க கீது?" என்றார் திம்மராயப்பா.

"உலகப் படத்துல தேடினாலும் தனியா இருக்காதுண்ணா. ரஷ்யாவோட சேத்துட்டாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஜெயில்ல படுத்துக்கினு இருக்கறப்ப எனக்கு ஒண்ணு தெரியும். செவுத்துக்கு அந்தாண்ட என் ஊரு கீதுன்னு தெரியும். இவனுக்கு அதுவும் இல்லியே" என்றார். பிறகு யாரையோ அதட்டுகிற மாதிரி, "ஹோக்லி பிடு, போகட்டும். களம் போடுங்க. ஆனா நம்ம வழக்கப்படிதான். களத்த எவனும் செருப்பு போட்டு மெரிக்கக் கூடாது, தொரையா இருந்தாலும் சரி" என்றார்.

கிரீடமும் கழுகும்

வேலையை முனியம்மா அக்கா கையில் கொடுத்தார்கள். அந்த ஊரில் எந்தக் களமும் அவள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் களம். நீளம், அகலம் எல்லாம் அவளிடம் நடந்து காட்டிவிட்டு, நானும் யானிஸும் பெங்களூர் பஸ் ஏறினோம். கம்பெனியிடம் தவணை கேட்க வேண்டும், சுத்தமான பெட்ரோல் வாங்க வேண்டும்.

ஜூஜுவாடி தாண்டி மாநில எல்லையில் பஸ் வெகுநேரம் நின்றது. வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே அவன் பேசினான்.

அவனும் அவன் கூட்டாளிகளும் பள்ளிக்கூட நாளிலேயே கிளைடர் ஓட்டிப் பழகியவர்கள். கடலோர ஊர் ஒன்றில் ஜெர்மன்காரன் அவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தான். நல்ல விமானத்தைக் கொடுக்கவில்லை. இவன் இப்போது ஓட்டுகிற மாதிரி இரட்டை இறக்கை வைத்த பழைய பயிற்சி விமானத்தில் குண்டைக் கட்டி, இரவில் மட்டும் போகச் சொன்னான். திறந்த சீட்டு, எலும்பு வரை குளிர். சட்டை மார்பில் ஜெர்மன் கழுகு, கைப்பக்கம் சின்னதாகத் தன் நாட்டு நிறம்.

"எங்கள் சட்டையில் ராஜாவின் கிரீடம்" என்றேன். "நம் நிறம் எங்கேயும் இல்லை."

"உனக்கு இப்போது இருக்கிறது" என்றான். பொறாமையோடு சொல்லவில்லை. எனக்காகச் சந்தோஷப்பட்டே சொன்னான்.

குண்டு போடுகிற இடம் நெருங்கியதும் இன்ஜினை அடக்கிவிடுவார்களாம். சத்தமில்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். "கீழே இருப்பவர்களுக்கு இன்ஜின் சத்தத்தில் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். தீ மூட்டி உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடுவது தெரியும். சிப்பாய்தானா, வேறு யாராவதா, மேலிருந்து தெரியாது. இப்போதும் இன்ஜினை அடக்கும்போதெல்லாம் யாரோ ஓடுகிற மாதிரி எனக்கு இருக்கும்."

கடைசியில் கூட்டாளிகள் சிலர் கடலைத் தாண்டி வேறு நாட்டுக்கு விமானத்தோடு பறந்துவிட்டார்கள். இவனுடைய பின்சீட்டு நண்பனும் கூப்பிட்டான். தாயை விட்டுப் போக மனமில்லாமல் இவன் தங்கிவிட்டான். ஜெர்மன்காரன் மிச்சமிருந்த விமானங்களை முடக்கி, இவர்களை மண்ணில் நடக்கிற சிப்பாய்களாக்கினான். அதோடு தாயையும் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை.

நான் கடலைத் தோலை ஊதிக்கொண்டே இருந்தேன்.

கம்பெனி மானேஜர் கறாராகப் பேசினார். புதன்கிழமை காலை லாரி வரும். அதற்குள் பறந்து வந்தால் சரி. இல்லையென்றால் விமானத்தைப் பிரித்து ஏற்றுவது, யானிஸின் கணக்கை முடிப்பது, இரண்டும் ஒரே நாளில்.

அக்கா போட்ட களம்

செவ்வாய்க்கிழமை மதியம், பெட்ரோல் டின்களோடு திரும்பினோம். தூரத்திலேயே தெரிந்தது. கண்ணாடி மாதிரி ஒரு களம், நீண்டு கிடந்தது. வரப்புகளை வெட்டிச் சமப்படுத்தி, வயல் வயலாகக் கோத்திருந்தார்கள். ஊரே வரிசையாக நின்று எங்கள் முகத்தைப் பார்த்தது.

யானிஸ் ஒரு பிடி பொட்டை, ராகி உமியை, எடுத்து மேலே விட்டான். அது களத்தை விட்டுப் பக்கவாட்டில் பறந்துபோனது. அவன் முகம் செத்துவிட்டது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. களம் காற்றுக்குக் குறுக்கே கிடந்தது.

விமானம் காற்றை எதிர்த்து ஓடினால்தான் சுலபமாக ஏறும். பக்கவாட்டுக் காற்று அந்தச் சின்ன விமானத்தைத் தள்ளி, இறக்கையைத் தரையில் இடித்துவிடும். ஆனால் எங்கள் ஊரில் களம் என்றால் காற்றுக்குக் குறுக்கேதான். அப்போதுதான் தூற்றும்போது ராகி ஒரு பக்கமும் பொட்டு ஒரு பக்கமும் விழும். நீளத்தையும் அகலத்தையும் காட்டிய நாங்கள், காற்றைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஏன், என்னா கொற?" என்றாள் முனியம்மா அக்கா. "தொரை போன பொறவு இவ்வளோ பெரிய களத்த சும்மாவா உடறது? ஊரே ஒண்ணா நின்னு தூத்தலாம்னு காத்து பாத்துப் போட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உருளை இழுத்த மாடுகள் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. மறுபடி ஒரு களம் போட நேரமில்லை. மறுநாள் காலை லாரி.

அவள்தான் முதலில் எழுந்தாள். "காத்தே இல்லன்னா?"

"இல்லாட்டி எந்தப் பக்கமும் ஓடலாம்க்கா."

"அப்ப வெடிகாலம் கெளம்பச் சொல்லு. மலை மேல வெயிலு ஏர்ற வரிக்கும் காத்து செத்துதான் கெடக்கும். அந்நேரத்துக்குத் தூத்த வந்துட்டு நாங்க மொறத்த வெச்சுக்கினு சும்மா குந்திக்கினு இருப்போமே."

யானிஸிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். காற்று இல்லாவிட்டால் எதிர்த்துத் தூக்கவும் ஒன்றும் இருக்காது. அதனால் இன்னும் அதிக தூரம் ஓட வேண்டும். மருந்து டிரம்மைக் கழற்றி வைக்கலாம். அப்போதும் களம் போதாது.

களத்தின் முனையில் திம்மராயப்பாவின் அவரைப் பயிர் நின்றது. ராகிக்கு இடையில் விதைத்து, ராகி அறுத்த பிறகும் விட்டுவைத்தது. பூவும் பிஞ்சுமாக, வாசனை ஆளைத் தூக்கியது. மார்கழிச் சந்தையில் அந்த அவரைக்குத்தான் மவுசு. எல்லாரும் அதைப் பார்த்தோம், வாய் திறந்து கேட்க ஆள் இல்லை.

திம்மராயப்பா ஒரு பெண்ணின் கையிலிருந்த அரிவாளை வாங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து முதல் அவரைக் கொடியை அவரே அறுத்தார்.

"பாத்துக்கினே இருந்தா களம் தானா நீளுமா? மாட்டப் பூட்டுங்கடா" என்றார்.

அன்று பொழுது சாயும்வரை அந்த ஊர் செய்த வேலையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கொத்துகிறவர்கள் கொத்த, பின்னாலேயே தண்ணீர் தெளிக்க, அதன் பின்னாலேயே கல் உருளைகள். நில உடைமைக்காரரும் கூலிக்கு வந்தவர்களும் ஒரே சேற்றில் நின்றார்கள். யானிஸ் சட்டையைக் கழற்றிவிட்டு ஓர் உருளையோடு நடந்தான். மாட்டுக்குக் கன்னடத்தில் அதட்டல் போடவும் கற்றுக்கொண்டான். மாடுகளும் அவனை மதித்தன.

பர்மாவில் எவ்வளவோ ஓடுபாதை பார்த்திருக்கிறேன். எல்லாம் யாரோ உத்தரவு போட்டு, யாருக்கோ பயந்து போட்டவை. உத்தரவில்லாமல் போட்ட ஓடுபாதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். என் ஊர் என்று நினைத்தபோது நெஞ்சு விம்மியது. இப்போது எழுதும்போதும் விம்முகிறது.

காண்டாக்ட்!

இனி அந்தப் பூட்ஸ்.

புதன்கிழமை விடியலில் முனியம்மா அக்கா சொன்னபடியே காற்று செத்துக் கிடந்தது. புளிய இலை அசையவில்லை. பனி ஈரம் வழுக்கக் கூடாதென்று பெண்கள் களம் நெடுகப் பொட்டைத் தூவியிருந்தார்கள். யானிஸ் வெறுங்காலோடு சீட்டில் உட்கார்ந்து, பூட்ஸை முன்சீட்டில் போட்டான். குளிர்ந்த பெடலில் பாதம் பட்டதும் "ஸ்ஸ்" என்றான்.

நான் முன்னால் போய் விசிறியைப் பிடித்தேன். அந்த விமானத்தைக் கையால்தான் சுற்றிக் கிளப்ப வேண்டும். சறுக்கினால் கை போய்விடும். பாத்திரம் தேய்த்தவன் என்று சொன்ன ஊர் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் நின்றது.

"காண்டாக்ட்!" என்று கத்தினேன், ஸ்விட்சைப் போடு என்று அர்த்தம்.

"காண்டாக்ட்!" என்றான் யானிஸ்.

ஒரே சுற்று. இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்னால் எழுந்த கூச்சலில் இன்ஜின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வாலைப் பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். விமானம் ஓடியது. பொட்டு இருபுறமும் பறந்தது. வால் எழுந்தது, சக்கரம் எழவில்லை. பழைய களத்தின் எல்லையைத் தாண்டியும் எழவில்லை. அவரை அறுத்த இடத்தில், அந்தப் புதுக் களத்தின் கடைசியில், சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. புளியமரத்தின் உச்சி இலைகளைச் சிலுப்பிவிட்டு மேலே போனான்.

திம்மராயப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஒரு வட்டம் போட்டு எங்களை நோக்கித் திரும்பி வந்தான். வரும்போதே இன்ஜின் சத்தம் அடங்கியது. மறுபடி தூசி அடைத்துவிட்டதோ, நான் வைத்த பற்று விட்டுவிட்டதோ என்று கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலே தாழ வந்தான். பெண்கள் முறங்களைத் தூக்கி ஆட்டினார்கள். முனியம்மா அக்கா இரண்டு கையாலும் ஆட்டினாள். எங்களைக் கடந்ததும் இன்ஜின் உறுமியது. அவன் மேற்கே பார்த்துப் போய்விட்டான்.

வெயில் ஏறிய பிறகு லாரி வந்தது. டிரைவர் இறங்கிச் சுற்றுமுற்றும் பார்த்து, "ஏரோப்ளேன் எங்கய்யா?" என்றான்.

"போயிட்ச்சு" என்றார் திம்மராயப்பா.

"போயிட்ச்சா? யார் ரிப்பேர் பண்ணிக் கெளப்பி உட்டது?"

அவர் என்னைக் காட்டினார். "எங்க ஊரு ஏர்மேன்" என்றார். சந்தையில் என்னைப் பேசிய அதே வாய். அதே உரத்த குரல்.

முனியம்மா அக்கா அதற்குள் காற்று வந்துவிட்டதென்று எல்லாரையும் விரட்ட ஆரம்பித்திருந்தாள். அந்த வருஷம் பேரிகையில் ஊரே ஒன்றாக நின்றுதான் தூற்றியது.

மாங்காய்ப் பருவத்தில் பெங்களூரில் யானிஸைப் பார்த்தேன். வேலை நிலைத்துவிட்டது. இன்ஜினை ஏன் அடக்கினாய், என் உயிர் போய்விட்டது என்று சண்டை பிடித்தேன்.

"பார்க்க வேண்டியிருந்தது" என்றான். "மாதப்பா, யாரும் ஓடவில்லை." அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

ஊருக்கு வந்து அதைத் திம்மராயப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது அவரைப் பந்தலுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நாம எதுக்குப்பா ஓடணும்?" என்றார். "நம்ம ஏரோப்ளேன்தானே."